எவ்வளவு தாங்கும்?

அப்பா ஆர்கன் வெல்டர். பாசிர் கூடாங் பக்கம் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தார். வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது சட்டைப் பையில் பேனாவோடு சேர்ந்து ஒரு சின்ன உலோகக் குச்சியும் இருக்கும். பேனா ரீஃபில் அளவுதான் தடிமன். ஒரு முனையில் சிவப்புச் சாயம், மறுமுனை ஊசி போலத் தீட்டப்பட்டிருக்கும். அந்தச் சின்ன உருவத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத கனம்.

“இது டங்ஸ்டன்டா தம்பி. இரும்பு உருகும், ஸ்டீல் உருகும். இது உருகாது.”

“உருகாதுன்னா ஏம்ப்பா தினமும் கிரைண்டர்ல தீட்டுறீங்க?”

“உருகாதுன்னா தேயாதுன்னு அர்த்தமா?”

பத்து வயதில் இந்தப் பதில் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

2025 பிப்ரவரியில் அப்பாவை மூச்சுப் பரிசோதனைக்குக் கிளினிக்குக் கூட்டிப் போயிருந்தேன். நம்பர் வரும்வரை போனை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. தெற்குப் பிரான்சில் கடராஷ் என்ற இடத்தில் உள்ள ‘வெஸ்ட்’ என்ற இயந்திரம், ஐந்து கோடி டிகிரி பிளாஸ்மாவை 1,337 விநாடிகள் அணையாமல் வைத்திருந்ததாம். 22 நிமிடத்துக்கும் மேல். ‘செயற்கைச் சூரியன்’, ‘எல்லையற்ற ஆற்றல்’ என்று வழக்கமான தலைப்புகள். செய்தியின் அடியில் ஒரு வரி: இயந்திரத்தின் உட்சுவர் டங்ஸ்டனால் ஆனது.

அப்பாவிடம் காட்டினேன். “உங்க குச்சிதாம்ப்பா. அதுலயே சுவரு கட்டியிருக்காங்க.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். சூரியனைப் பற்றிக் கேட்கவில்லை. கரண்ட் எப்போது மலிவாகும் என்றும் கேட்கவில்லை. “அந்தச் சுவரு எவ்வளவு தாங்கும்?” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பொறியாளன் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. சில மாதங்கள் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அணுக்கரு இணைவைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான் என்று தோன்றியது. அது அணுக்கரு இணைவைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல என்றும் தோன்றியது.

*

அணுவைப் பிளந்து ஆற்றல் எடுப்பது நமக்குத் தெரிந்த அணு உலை. இணைவு அதற்கு நேர் எதிர். ஹைட்ரஜனின் கனத்த வகைகளான டியூட்டிரியத்தையும் டிரிட்டியத்தையும் ஒட்ட வைத்தால் ஹீலியமும் ஒரு நியூட்ரானும் பெரும் ஆற்றலும் கிடைக்கும். ஒட்டுவதற்கு அவை பயங்கர வேகத்தில் மோத வேண்டும். தெற்குப் பிரான்சில் ஏழு தரப்புகள் சேர்ந்து கட்டிக்கொண்டிருக்கும் ‘ஈட்டர்’ உலையில் எதிர்பார்க்கப்படும் வெப்பம் 15 கோடி டிகிரி. அதைத் தாங்கும் பாத்திரம் உலகத்தில் கிடையாது. அதனால் பிளாஸ்மாவைக் காந்தப் புலத்தால் அந்தரத்தில் பிடித்து வைக்கிறார்கள்.

இதுவரை எல்லாரும் சொல்லும் கதை. காந்தக் கூண்டு, குட்டிச் சூரியன், கடல்நீரிலிருந்து எரிபொருள். சொல்லாமல் விடுவது இதற்கு அடுத்த பகுதியை.

எரிவது எதுவானாலும் கழிவு இருக்கும். விறகடுப்பில் சாம்பலை வார வேண்டும். இங்கே சாம்பல் என்பது ஹீலியம். அதையும் மிச்ச வெப்பத்தையும் வெளியே இழுக்க, பிளாஸ்மாவின் விளிம்பைக் காந்தத்தாலேயே வளைத்து, உலையின் அடியில் ஓர் இடத்தில் கொண்டுபோய் இடிக்க விடுகிறார்கள். அந்த இடத்துக்கு டைவர்ட்டர் என்று பெயர். மொத்த உலையிலும் அதிகம் அடிபடுவது அதுதான். ஈட்டரின் டைவர்ட்டர் ஒரு சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் வெப்பத்தைத் தொடர்ந்து தாங்க வேண்டும், சில நேரங்களில் 20. ஜொகூர் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு கிலோவாட். அதாவது பத்தாயிரம் வெயில் ஒரே இடத்தில். சூரியனின் மேற்பரப்பிலிருந்து கிளம்பும் வெப்பத்தில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு.

இதை எதை வைத்துத் தாங்குவது? உலோகங்களிலேயே அதிக வெப்பத்தில் உருகுவது டங்ஸ்டன், 3,422 டிகிரி. ஆனால் அதற்கும் குணக்கேடுகள் உண்டு. சாதாரண வெப்பத்தில் பீங்கான் மாதிரி நொறுங்கும். 1,200, 1,300 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் வைத்தால் உள்ளே படிகங்கள் மாறி, வலுவை இழக்கும். ஆக, உருகுவதற்கு வெகு முன்பே அது தன் இயல்பை விட்டுவிடுகிறது. அதனால் ஒவ்வொரு டங்ஸ்டன் கட்டியின் நடுவிலும் துளை போட்டு, செம்புக் கலவைக் குழாய் செருகி, அழுத்தத்தில் தண்ணீரை ஓட விடுகிறார்கள். ஒரு பக்கம் பிளாஸ்மா, சுமார் ஒரு சென்டிமீட்டர் உலோகத்துக்கு அந்தப் பக்கம் தண்ணீர். சூடானால் செம்பு டங்ஸ்டனைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விரியும். ஒட்டி வைத்த இரண்டு பேர் இரண்டு வேகத்தில் விரிந்தால் விரிசல்தானே? இடையில் மென்மையான தூய செம்பை ஒரு படலமாக வைக்கிறார்கள். இரண்டு பக்கத்து இழுப்பையும் அதுதான் வாங்கிக்கொள்கிறது.

இப்படிச் செய்த கட்டிகளைக் கோத்து, ஒவ்வொன்றும் சுமார் 10 டன் எடையுள்ள 54 பாகங்களாக டைவர்ட்டரை அமைக்கிறார்கள். அவற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கேசட். தேய்ந்தால் கழற்றிவிட்டு வேறு போடுவதற்காகவே அப்படி ஒரு வடிவம். கழற்றப்போவது மனிதர்கள் அல்ல, தொலைவிலிருந்து இயக்கும் கருவிகள்.

ஆக, அப்பாவின் கேள்விக்குப் பாதிப் பதில் இது: அந்தச் சுவர் நிரந்தரமாகத் தாங்கும் என்று கட்டினவர்களே நம்பவில்லை. எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் அதைக் கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

‘எல்லையற்ற ஆற்றல்’ என்ற சொல்லை நான் சந்தேகிக்கத் தொடங்கியது இங்கேதான். ஆற்றலுக்கு எல்லை இல்லாமல் இருக்கலாம். ஆனால் அது எதன் மேலாவது விழுந்துதானே நமக்கு வந்து சேர வேண்டும்? விழும் இடத்துக்கு எல்லை உண்டு. எல்லையற்றது என்று யாராவது எதையாவது வாக்குறுதி கொடுத்தால், நாம் பார்க்க வேண்டியது அது எந்த எல்லையுள்ள பொருளின் மேல், எந்த எல்லையுள்ள உடம்பின் மேல் விழப்போகிறது என்பதைத்தான்.

*

மீதிப் பதில் நியூட்ரானில் இருக்கிறது. இணைவில் பிறக்கும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான்தான் எடுத்துக்கொண்டு போகிறது. அதற்கு மின்னூட்டம் கிடையாது. காந்தக் கூண்டை மதிக்காது. நேராகச் சுவருக்குள் நுழைந்து, அங்கே ஒழுங்காக அடுக்கியிருக்கும் அணுக்களை இடம் பெயர்த்துவிடும். எதிர்கால மின்நிலையம் ஒன்றின் சுவரில், ஒவ்வோர் அணுவும் தன் இடத்திலிருந்து பல பத்து முறை தள்ளப்படும் என்று கணக்கிடுகிறார்கள். பெரும்பாலானவை திரும்ப ஏதோ ஓர் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். உட்காராதவை வெற்றிடங்களாகச் சேர்ந்து, உலோகம் வீங்கும், இறுகும், நொறுங்கும். இணைவில் பிறக்கும் நியூட்ரானை இத்தனை அளவில் வருடக்கணக்கில் வாங்கிய ஒரு பொருள் இன்று பூமியில் எங்கும் இல்லை. அதைச் சோதிப்பதற்கென்றே ஸ்பெயினில், கிரனாடா நகருக்குப் பக்கத்தில் ஒரு தனிக்கூடம் எழுந்துகொண்டிருக்கிறது.

நியூட்ரான் செய்யும் இன்னொரு வேலை, பட்ட பொருளைக் கதிரியக்கம் உள்ளதாக மாற்றுவது. எல்லாப் பொருளும் ஒரே மாதிரி மாறுவதில்லை. ஸ்டீலுக்கு உறுதி சேர்க்கும் நியோபியம் நியூட்ரான் பட்டால், 20,000 ஆண்டு அரை ஆயுள் கொண்ட ஒன்றாகும். அதனால் இணைவு உலைக்கான ஸ்டீலிலிருந்து நியோபியம், மாலிப்டினம், நிக்கல் ஆகியவற்றை விலக்கிவிட்டு, அவற்றின் வேலைக்கு டங்ஸ்டனையும் டாண்டாலத்தையும் சேர்க்கிறார்கள். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இப்படி ஒரு வகை ஸ்டீல் உண்டு. இந்தியாவுக்கான வகையை உருவாக்கியதில் கல்பாக்கத்திலுள்ள அணு ஆராய்ச்சி மையத்துக்குப் பெரும் பங்கு. குறிக்கோள் ஒன்றே: உலை நின்று ஒரு நூறு ஆண்டுக்குள் அந்த ஸ்டீலைத் திரும்பக் கையாளும் அளவுக்கு அது அடங்கிவிட வேண்டும்.

இதை முதன்முதலாகப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஓர் உலோகக் கலவையில் எது எத்தனை சதவீதம் என்பதை முடிவு செய்வது பலமும் விலையும் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இங்கே மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இன்னும் பிறக்காதவர். அவர் கையில் படும்போது சுடக்கூடாது என்பதற்காக இன்றைக்கு ஒரு நல்ல உலோகத்தை வேண்டாம் என்கிறார்கள்.

ஹான்ஸ் யோனாஸ் என்ற ஜெர்மானியத் தத்துவவாதி 1979இல் ‘பொறுப்பு என்னும் கோட்பாடு’ என்ற நூலை வெளியிட்டார். எர்ன்ஸ்ட் பிளாக்கின் ‘நம்பிக்கை என்னும் கோட்பாடு’ நூலுக்கு மறுமொழியாக வைத்த தலைப்பு அது. பழைய அறவியல் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரனை எப்படி நடத்துவது என்று மட்டுமே யோசித்தது, தொழில்நுட்பத்தின் கை நீண்டபின் நம் செயலின் விளைவு நாம் முகமே பார்க்காத தலைமுறைகளில் போய் விழுகிறது, அவர்களால் நம்மிடம் வந்து முறையிட முடியாது, ஆகவே பொறுப்பு நம் பக்கம்தான் என்பது அவர் வாதத்தின் சாரம். இணைவைப் பற்றிய செய்தித் தலைப்புகள் நம்பிக்கையின் மொழியில் எழுதப்படுகின்றன. அதன் சுவர் பொறுப்பின் மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. படிக்கிறவர்கள் குறைவு.

*

நாம் தாங்குகிறவர்களைப் புகழ்ந்தே பழகிய சமூகம். தமிழில் ‘பொறுத்தல்’ என்றால் சுமப்பதும் அதுதான், மன்னிப்பதும் அதுதான். தோண்டுகிறவனையும் சுமக்கும் நிலத்தை உவமையாகச் சொல்லிச் சொல்லி வளர்ந்திருக்கிறோம். அம்மா எல்லாவற்றையும் தாங்கினாள், பாட்டி தோட்டத்தில் எல்லாவற்றையும் தாங்கினாள் என்று எழுதாத மலேசியத் தமிழ் எழுத்தாளர் யார்? நானும் எழுதியிருக்கிறேன். அந்தப் புகழ்ச்சியில் பொய் இல்லை. ஆனால் அது ஒரு கேள்வியை மறைக்கிறது: அத்தனையும் ஏன் அவள் மேலேயே விழுந்தது?

டைவர்ட்டர்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். இன்னும் தாங்கும் பொருளைத் தேடிக்கொண்டே போக முடியாது என்று தெரிந்ததும், விழுவதைக் குறைக்க வழி பார்த்தார்கள். பிளாஸ்மாவின் விளிம்பில் நியான், நைட்ரஜன் போன்ற வாயுவைக் கொஞ்சம் விடுவார்கள். அந்த வாயு வெப்பத்தை ஒளியாக மாற்றி எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். ஒரே கோட்டில் வந்து இடிக்க வேண்டிய சூடு உலையின் பரந்த சுவர் முழுக்கப் பகிரப்படும். டைவர்ட்டருக்கு வருவது மிச்சம்தான். ஒரு பொறியியல் துறை ‘தாங்கு, இன்னும் தாங்கு’ என்பதோடு நிற்காமல், ‘பகிர்’ என்றும் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறது.

பெரிலியத்தின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். இங்கிலாந்தின் ‘ஜெட்’ இயந்திரத்தில் 2011 முதல் உட்சுவரின் பெரும்பகுதி பெரிலியம். பிளாஸ்மாவுக்கு அது ரொம்பவே இணக்கமான உலோகம். தப்பித் தவறி உள்ளே கலந்தாலும் பெரிய கெடுதல் செய்யாது. டங்ஸ்டன் அப்படியல்ல. லட்சத்தில் சில அணுக்கள் கலந்தாலே பிளாஸ்மாவைக் குளிர வைத்துவிடும். ஆனால் பெரிலியத் தூசு மனித நுரையீரலில் போனால், தீராத நோயைத் தரக்கூடியது. ஈட்டரும் முதலில் பெரிலியச் சுவர்தான் போடுவதாக இருந்தது. 2024இல் வெளியான புதிய திட்டத்தில் அது டங்ஸ்டனாக மாறிவிட்டது. பெரிலியம் சீக்கிரம் தேய்ந்துவிடும், வருங்கால உலைகளுக்கு எப்படியும் டங்ஸ்டன்தான் வேண்டும் என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, அந்த நச்சைக் கையாள வேண்டாம் என்பது. மனிதர்களின் மூச்சுக்கு எளிதானதைத் தேர்ந்தெடுத்தார்கள், பிளாஸ்மாவுக்கு அது சிரமம் என்று தெரிந்தே. அந்தச் சிரமத்தைச் சமாளிக்க, சுவரில் போரான் பூசும் ஏற்பாட்டையும் சேர்த்திருக்கிறார்கள்.

இங்கே அப்பாவின் சிவப்பு முனைக் குச்சிக்குத் திரும்ப வேண்டும். வெல்டிங் குச்சியில் சிவப்பு என்றால், டங்ஸ்டனோடு இரண்டு சதவீதம் தோரியம் ஆக்ஸைடு கலந்திருக்கிறது என்று பொருள். தோரியம் கதிரியக்கம் உள்ளது. குச்சியைக் கையில் பிடிப்பதில் பெரிய ஆபத்து இல்லை. கிரைண்டரில் தீட்டும்போது பறக்கும் தூசுதான் மூச்சோடு உள்ளே போகக் கூடாதது. ஈப்போ பக்கத்துப் புக்கிட் மேரா மக்கள், அரிய மண் ஆலை ஒன்றின் தோரியக் கழிவை எதிர்த்து 1985இலேயே நீதிமன்றம் போன நாடு இது. தோரியம் நமக்குப் புதிய பெயர் இல்லை. தோரியமே இல்லாத, லாந்தனம் கலந்த குச்சிகள் பல வருடங்களாகக் கடையில் கிடைக்கின்றன. அப்பாவின் கம்பெனியில் அப்பா ஓய்வு பெறும்வரை சிவப்புதான். முகமூடி கேட்டதற்கு சூப்பர்வைசர் சொன்னது: “காலங்காலமா இதத்தானே யூஸ் பண்றோம், யாருக்கு என்ன ஆச்சு?”

நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். அப்பாவின் நுரையீரல் இப்படி ஆனதற்குக் காரணம் அந்தத் தூசுதான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அப்பா சிகரெட்டும் பிடித்தவர். வெல்டிங் புகையும் இருந்தது. எதை எதிலிருந்து பிரிப்பது? எனக்குக் கோபம் வேறொன்றில். அவர் எவ்வளவு தாங்குவார் என்று யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இத்தனை வருடம் தீட்டினால் போதும், இதற்கு மேல் கேட்கக் கூடாது என்ற ஒரு எண் அவருக்கு இல்லை. டங்ஸ்டன் கட்டிக்கு இருக்கிறது.

சுவருக்கு வலிக்காது. மனிதனுக்கு வலிக்கும். இந்த உவமையை இதற்கு மேல் இழுத்தால் பொய்யாகிவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வலிக்காத ஒன்றுக்கு இத்தனை கணக்குப் போடத் தெரிந்தவர்கள்தான் நாம், வலிக்கிற ஒன்றுக்குப் போடாமல் விட்டோம் என்பது உவமை இல்லை. நடந்தது.

*

இதைப் படிக்கும் சிலர் கேட்கலாம்: இதெல்லாம் சரி, இந்த உலை எப்போது வரும்? வராத ஒன்றின் சுவரைப் பற்றி இவ்வளவு பேசுவானேன்?

கேள்வி நியாயமானது. ஈட்டர் ஒப்பந்தம் 2006இல் கையெழுத்தானது. அப்போது 2016இல் முதல் பிளாஸ்மா என்றார்கள். இப்போதைய திட்டப்படி ஆய்வுப் பணி தொடங்குவது 2034, உண்மையான எரிபொருளோடு ஓட்டுவது 2039. ஈட்டரும் மின்சாரம் தரப்போவதில்லை, அது சோதனைக்கு மட்டும். ஜெட் தன் கடைசிச் சுற்றில் எடுத்த உலக சாதனை 69 மெகாஜூல். நம் வீட்டுக் கரண்ட் பில்லில் 19 யூனிட். நாற்பது ஆண்டு உழைப்புக்குப் பின்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ‘எப்படியும் செயற்கைச் சூரியன் வரப்போகிறது’ என்ற நினைப்பு, இன்றைக்கு நிலக்கரியைக் குறைக்காமல் இருக்க வசதியான சாக்கு. பூமி சூடாவதையும் யாரோ தாங்குகிறார்கள். வெளி வேலை செய்கிற வங்காளதேசி தொழிலாளி தாங்குகிறார். எதிர்கால உலையைக் காட்டி இன்றைய பொறுப்பைத் தள்ளிப்போட்டால், நாம் மறுபடியும் சூட்டை வேறொருவர் மேல் திருப்பிவிடுகிறோம் என்றுதான் பொருள். அதோடு, டங்ஸ்டனும் டாண்டாலமும் மண்ணிலிருந்து வருபவை. கொங்கோவையும் சுற்றுப்புற நாடுகளையும் மனத்தில் வைத்து 2010இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் கண்காணிக்கச் சொல்லும் நான்கு கனிமங்களில் இந்த இரண்டும் உண்டு. பிறக்காத தலைமுறைக்காக நல்ல கலவையைத் தேடும்போது, இன்றைக்குச் சுரங்கத்தில் இறங்குகிறவனை மறந்தால் அது எந்தப் பொறுப்பு?

ஆகவே இணைவை ஆதரிக்கிறாயா, எதிர்க்கிறாயா என்று கேட்டால், அந்தச் சுவரைச் செய்கிறவர்கள் பக்கம் நிற்கிறேன் என்பேன். வாக்குறுதி கொடுப்பவர்கள் பக்கம் அல்ல. சுவர் செய்கிறவர்களுக்குத் தங்கள் பொருள் தேயும் என்று தெரியும். தாங்கள் செய்வதை வைத்து எரியும் விளக்கைத் தாங்கள் பார்க்காமல் போகலாம் என்றும் தெரியும். தெரிந்தும், அரை மில்லிமீட்டர் விரிசல் ஏன் வந்தது என்று ஒரு மாதம் உட்கார்ந்து பார்க்கிறார்கள். எல்லையை ஒப்புக்கொண்டு செய்யும் வேலையில்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது.

ஜெட் இயந்திரத்தை 2023 டிசம்பரில் நிறுத்தினார்கள். நிறுத்துவதற்கு முன், கடைசியாக ஒரு காரியம் செய்தார்கள். நாற்பது ஆண்டும் எதைப் பாதுகாத்தார்களோ அந்த உட்சுவர் மேலேயே எலக்ட்ரான் கற்றையை வேண்டுமென்றே திருப்பி அடித்தார்கள். எவ்வளவு சேதமாகும், எப்படிச் சேதமாகும் என்று அடுத்த இயந்திரம் கட்டுகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே! பிறகு இயந்திரக் கைகளால் ஓடுகளை எடுத்து ஆய்வுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். தேய்ந்த ஓடு குப்பைக்குப் போகவில்லை. அதன் காயம் ஒவ்வொன்றும் அளந்து பதியப்படுகிறது.

இதையெல்லாம் ஒரு நாள் சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். மூச்சு வாங்காமல் பேசக்கூடிய நல்ல நாள் அது. கேசட் மாதிரி கழற்றி மாட்டுவார்கள் என்றதும் சிரித்தார். கடைசி அடியைப் பற்றிச் சொன்னபோது சிரிக்கவில்லை.

“கழட்டுன ஓட்டையெல்லாம் பாக்குறாங்களா?”

“ஒவ்வொண்ணா பாக்குறாங்கப்பா.”

“நல்ல வேலதான்” என்றார். பிறகு இன்ஹேலரை எடுத்துக் குலுக்கினார்.